கருவேலமா, சீமைக் கருவேலமா? ஏரிக்கரையில் செடி பார்க்கப் பழகும் முறை

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையில் சீமைக் கருவேலம் பிடுங்கும் வேலைக்குப் போயிருந்தேன். இருபது பேர் இருந்தோம். மழை விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. மண் இளகிக் கிடந்ததால் முழங்கால் உயரக் கன்றுகள் கடப்பாறை இல்லாமலே கையோடு வந்தன. பத்து மணிக்குள் பெரிய குவியல் சேர்ந்துவிட்டது. அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் குவியலிலிருந்து ஒரு கன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தாயி, நாட்டு மரத்தப் போயி புடுங்கிப் போட்டிருக்கீங்க? இது கருவேலமுல்ல?"

உட்கார்ந்து குவியலைப் பிரித்தோம். நாற்பத்தொரு கன்றுகள் கருவேலம். அவர் ஒவ்வொன்றையும் ஒரே பார்வையில் பிரித்துப் போட்டார். எதை வைத்துப் பிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "எலையில கை எத்தனைன்னு எண்ணிப் பாரு தாயி" என்றார்.

அந்த நாற்பத்தொரு கன்றுகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது கரையில் நடக்கிறேன். பெரும்பாலும் அண்ணன் மகளும் கூட வருவாள். நூற்றுக்கணக்கான செடிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய முயன்று முதல் வருடத்தை வீணாக்கினேன். அப்புறம்தான் வழி பிடிபட்டது: ஜோடி ஜோடியாகப் பழக வேண்டும். நம் ஏரிகளில் அதிகம் காணப்படும் அயல் செடிகள் பலவற்றுக்கு, அவற்றைப் போலவே தோற்றமுள்ள நாட்டுச் செடி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, வேறுபடும் இடம் எது என்று கண்டுகொண்டால் அது மறக்காது. தமிழ்நாட்டுச் சமவெளி ஏரி எதில் நடந்தாலும் இந்த ஜோடிகளில் பாதியாவது கண்ணில் படும்.

எப்போது போவது, எதைக் கொண்டு போவது

வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் மெல்ல வற்றத் தொடங்கும் மார்கழி முதல் மாசி வரை சிறந்த காலம். தண்ணீர் பின்வாங்கிய ஈர மண்ணில் சிறு செடிகள் பூத்துக் கிடக்கும். காலை ஆறரைக்குக் கரையில் இருப்பது நல்லது. வெள்ளை ஆம்பல் இரவில் விரிந்து, வெயில் ஏறினால் கூம்பிவிடும். புனல் வடிவில் பூக்கும் தாளிக் குடும்பத்துப் பூக்கள் மதியத்துக்குள் வாடிவிடும். கோடையிலும் ஒருமுறை போங்கள். அப்போது பூ குறைவுதான். ஆனால் மரங்களில் நெற்று தொங்கும், மரத்தை அடையாளம் காண அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஒரு நோட்டு, பென்சில், ஆறு அங்குல அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய கைலென்ஸ், தொலைபேசி. இவை போதும். மூடிய காலணி கட்டாயம். புதருக்குள் கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பாருங்கள், பாம்பு இருக்கலாம். எருக்கின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பார்த்தீனியம் பலருக்கும் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். அடையாளம் உறுதியாகாத எதையும் வாயில் வைக்காதீர்கள்.

முதலில் இலை எது என்று தெரிய வேண்டும்

ஆரம்பத்தில் எல்லோருக்கும் இந்த இடத்தில்தான் தவறு நேர்கிறது. கருவேலத்தின் இலை எவ்வளவு பெரியது என்று கேட்டால், நகக்கண் அளவுகூட இல்லாத பச்சைத் துணுக்கைக் காட்டுவார்கள். அது இலை இல்லை, சிற்றிலை. இலை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: மொட்டைத் தேடுங்கள். இலைக் காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் சிறிய மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. மொட்டிலிருந்து நுனி வரை உள்ள மொத்தமும் ஓர் இலை.

வேலமரத்தில் இந்த ஓர் இலைக்குள் நடுவே ஒரு காம்பு ஓடும். அதன் இருபுறமும் எதிரெதிராகச் சிறு கிளைகள் பிரியும். அந்தச் சிறு கிளைகளில்தான் சிற்றிலைகள் அடுக்கியிருக்கும். பெரியவர் 'கை' என்று சொன்னது இந்தச் சிறு கிளைகளைத்தான்.

இப்போது எண்ணுங்கள். சீமைக் கருவேலத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடிக் கை, அல்லது இரண்டு ஜோடி. ஒரு ஜோடி மட்டும் இருந்தால் இலை முழுவதும் கவட்டை போல விரிந்து தெரியும். சிற்றிலைகள் நீளமாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இருக்கும். கருவேலத்தில் மூன்று முதல் ஆறு ஜோடி வரை கைகள் உண்டு, சில சமயம் இன்னும் அதிகம். சிற்றிலைகள் பொடிப்பொடியாக, நெருக்கமாக இருக்கும். இப்போதுதான் முளைத்த கன்றின் முதல் சில இலைகளில் இந்தக் கணக்கு சரிவராது. மேலே உள்ள முதிர்ந்த இலைகளைப் பார்த்து எண்ணுங்கள்.

கை எண்ணியதோடு நிறுத்த வேண்டாம். இன்னும் மூன்று இடங்கள் இருக்கின்றன. பூ: கருவேலத்தில் மஞ்சள் உருண்டை. சீமைக் கருவேலத்தில் பூனைவால் போல நீண்டு தொங்கும் வெளிர்மஞ்சள் கதிர். நெற்று: கருவேல நெற்று மணிமாலை போல ஒவ்வொரு விதைக்கும் இடையில் இறுகி, சாம்பல் பூத்திருக்கும். சீமைக் கருவேல நெற்றின் ஓரங்கள் ஏறக்குறைய நேராக ஓடும், பழுத்தால் மஞ்சளாகிச் சதைப்பற்றுடன் இனிக்கும். ஆடுமாடுகள் அதைத் தின்று சாணத்தின் வழியே விதையைப் பரப்புகின்றன. மரத்தின் நிற்கும் தோரணை: வளர்ந்த கருவேலத்துக்கு ஒரு நடுமரம் இருக்கும், பட்டை கருத்து ஆழமாக வெடித்திருக்கும். சீமைக் கருவேலம் அடியிலிருந்தே பல கிளையாகப் பிரிந்து வளைந்து தரையைத் தொடப் பார்க்கும். கருவேலக் கன்றில் முள் வெண்மையாக, நேராக, ஜோடியாக இரண்டு அங்குலம் வரைகூட நீண்டிருக்கும். ஆனால் முள்ளை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், இரண்டிலும் முள் உண்டு. அன்று நாங்கள் ஏமாந்ததும் முள்ளைப் பார்த்துத்தான்.

கரையில் இன்னொரு வேலமும் நிற்கலாம். பட்டை வெளிறி, மஞ்சள் கலந்த வெண்மையாக இருந்தால் அது வெள்வேல், நாட்டு மரம். அதன் பூவும் உருண்டைதான், ஆனால் பால்நிறம், கிளை நுனியில் கொத்துக் கொத்தாகக் குவிந்திருக்கும். இலைக்கு ஒரே ஜோடிக் கை, கைக்கு இரண்டே சிற்றிலை, ஆக நான்கு சிற்றிலைகள் பட்டாம்பூச்சி போல இருந்தால் அது கொடுக்காப்புளி. ஊரெல்லாம் பழகிய மரம், ஆனாலும் பிறந்த இடம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய நாடுகளும்.

சீமைக் கருவேலமும் அமெரிக்கக் கண்டத்து மரம்தான். 1870களில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்துவிடும், வேரோடு எடுத்தால்தான் போகும். 2022ல் தமிழக அரசு ஆக்கிரமிக்கும் அயல் தாவரங்களை அகற்றவும் வாழிடங்களை மீட்கவும் தனிக் கொள்கையே வெளியிட்டது. அகற்றும் வேலை இனி அடிக்கடி நடக்கும். அதனால்தான் கை எண்ணத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கரைமேல் நிற்கும் பெரிய மரங்கள்

இங்கே அவசரமில்லை, மரம் எங்கும் போகாது. வாகையையும் தூங்குமூஞ்சியையும் பிரித்துப் பழகுங்கள். இரண்டுக்கும் பூ பவுடர் பூசும் பஞ்சு போல இருக்கும். வாகையின் பூ வெளிர்பச்சை கலந்த பால்நிறம், நல்ல வாசம். நெற்று மெல்லிய காகிதம் போல, வைக்கோல் நிறத்தில் தொங்கி, காற்றடித்தால் சலசலக்கும். தூங்குமூஞ்சிக்கு இளஞ்சிவப்புப் பூ. நெற்று தடித்துக் கருத்து, உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். பெயருக்கேற்ப மாலையில் இலையை மூடிக்கொள்ளும், ஆனால் வாகையும் இலையை மடக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வாகை நம்முடையது. வெற்றி பெற்றவர் வாகை சூடியதாகச் சங்கப் பாடல்கள் சொல்வது இதைத்தான். தூங்குமூஞ்சி தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காவிலிருந்து நிழலுக்காக வந்தது.

நீர்மருதைத் தொட்டுப் பாருங்கள். வெளிறிய, வழவழப்பான பட்டை தகடு தகடாக உரிந்திருக்கும். கீழே கிடக்கும் காயில் ஐந்து சிறகு இருக்கும். இலையைப் பறித்து அடிப்பக்கம் காம்பு சேரும் இடத்தை லென்ஸில் பார்த்தால் மரு போல இரண்டு சுரப்பிகள் தெரியும். அண்ணன் மகள் முதன்முதலில் தானாகவே அடையாளம் சொன்ன மரம் இது. "அத்தை, ரெண்டு மரு இருக்கு, மருதுதான்" என்று அவள் சொன்னது எனக்கும் நினைவுக் குறிப்பாகிவிட்டது.

தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் மரங்களில் நீர்க்கடம்பைத் தவற விடாதீர்கள். சிவப்புப் பூக்கள் நீண்ட சரமாகத் தொங்கும். இரவில் விரிந்து விடியலில் உதிர்வதால், காலையில் மரத்தடித் தண்ணீர் சிவந்து கிடக்கும். காய்க்கு நான்கு விளிம்பு உண்டு. வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டும் மரங்களில் இதுதான் முக்கியமானது, கூடவே கருவேலமும். அந்த ஏரிப் பறவைகளைச் சுட்டுக் கொல்லக் கூடாது என்று செங்கல்பட்டு ஆட்சியர் 1798லேயே ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். பறவையைக் காப்பாற்ற வேண்டுமானால் அது உட்காரும் மரம் எது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீர் விளிம்பு

என்னைப் பொறுத்தவரை நடையின் மிக வளமான இடம் இது. மூன்று அடி அகலச் சேற்றில் இருபது வகைச் செடி இருக்கும். ஒரே இடத்தில் குந்தி அரை மணி நேரம் பாருங்கள்.

இளஞ்சிவப்புப் புனல் பூ கண்ணில் படும். ஒருபுறம், ஆள் உயரத்துக்குப் புதராக நிமிர்ந்து நிற்கும் செடியில் அதே பூ. இன்னொருபுறம், தண்ணீரில் மிதந்து படரும் கொடியிலும் அதே போன்ற பூ. நிமிர்ந்து நிற்பது நெய்வேலிக் காட்டாமணக்கு. பெயரில் நெய்வேலி இருந்தாலும் அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, காட்டாமணக்கு என்று சொன்னாலும் ஆமணக்கு இனத்தைச் சேர்ந்ததில்லை, தாளிக் குடும்பம். இதய வடிவ இலை நுனியில் நீண்டு கூராகும். ஒடித்தால் பால் வரும். ஒடித்த துண்டைச் சேற்றில் போட்டால் அங்கேயே வேர் விட்டுவிடும். வேலிக்கும் கரை அரிப்பைத் தடுக்கவும் நட்டது பல ஏரிகளை அடைத்துக்கொண்டது இப்படித்தான். ஆடு தொடர்ந்து தின்றால் நரம்பு பாதிக்கும்.

மிதக்கும் கொடி வள்ளை. இலை அம்பு முனை போல இருக்கும். தண்டு உள்ளே கூடாக இருப்பதால் மிதக்கிறது, கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. இது நம் நீர்நிலைகளின் சொந்தக் கொடி, சங்கப் பாடல்களிலேயே மருத நிலத்து வள்ளை வருகிறது. பூவை மட்டும் படம் எடுத்து வந்தால் வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் பிரிக்க முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும். நான் திண்டாடியிருக்கிறேன். அதனால் பூவை எடுத்தால் இலையையும் எடுங்கள், கொஞ்சம் பின்னால் போய்ச் செடி நிற்கும் விதத்தையும் எடுங்கள்.

அடுத்து பொன்னாங்கண்ணி. வெள்ளைப் பூக்கொத்து இலைக் கக்கத்தில் காம்பே இல்லாமல் ஒட்டி உட்கார்ந்திருந்தால் அது நாம் கீரையாக அறிந்தது. அதே போன்ற வெள்ளைக் கொத்து, கக்கத்திலிருந்து ஓர் அங்குலம் அல்லது அதற்கு மேல் நீண்ட காம்பின் நுனியில் நின்றால், தண்டும் தடித்துக் கூடாக இருந்தால், அது தென் அமெரிக்காவின் அலிகேட்டர் களை. தண்ணீர்மேல் பாய் விரித்தாற்போல் பரவும். துண்டு விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும். அளவுகோல் கொண்டுபோகச் சொன்னது இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கும் இப்படி ஓர் இரட்டை இருக்கிறது. நம்முடையதில் இலை குறுகலாக நீண்டு, ஓரத்தில் லேசான பல் மட்டும் இருக்கும். நாற்றுப்பண்ணைகளில் வெடெலியா என்று தரை மூடுவதற்குத் தருவது அமெரிக்க வெப்பமண்டலச் செடி. அதன் இலை பளபளப்பாக இருக்கும், இருபுறமும் காது போல மடல் பிதுங்கி மூன்று பகுதியாகத் தெரியும். பூங்காவாக மாற்றிய ஏரிக்கரைகளில் இதைத்தான் நட்டிருப்பார்கள். வேலி தாண்டி மதகுப் பக்கம் இறங்கிவிட்டதா என்று கவனியுங்கள்.

ஜோடி இல்லாமலே நீர்முள்ளியை அறியலாம். கணுவைச் சுற்றி மஞ்சள் முட்கள், பொதுவாக ஆறு, நடுவே ஊதாப் பூக்கள். ஒருமுறை பார்த்தால் போதும். தரையோடு தரையாகப் படர்ந்து சின்னஞ்சிறு வெள்ளைப் பூங்கொத்தைக் காம்பின் நுனியில் நீட்டுவது பொடுதலை. கோரையா புல்லா என்று சந்தேகம் வந்தால் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தண்ணீரின் மேல்

தாமரைக்கும் ஆம்பலுக்கும் குழப்பம் வராமல் இருக்க இலையைப் பாருங்கள். தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவில் சேரும், பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும், துளி ஒட்டாமல் உருளும். ஆம்பல் இலையில் ஓரத்திலிருந்து நடு வரை ஒரு வெட்டு இருக்கும், தண்ணீரோடு படிந்து மிதக்கும். இரண்டுமே நம்மவை.

ஆகாயத்தாமரை என்ற பெயரில் இரண்டு செடிகள் உலவுகின்றன. ரோஜாப் பூ போல அடுக்கிய, வெல்வெட் போன்ற வெளிர்பச்சை இலைகளோடு மிதப்பது ஒன்று. ஊதாப் பூவோடு ஏரியையே மூடுவது இன்னொன்று. பின்னதன் காம்பு வெங்காயம் போல ஊதியிருப்பதால் வெங்காயத்தாமரை என்றும் சொல்கிறார்கள். நான் அந்தப் பெயரையே எழுதுகிறேன், குழப்பம் இல்லை. அதன் ஊதாப் பூவில் மேல் இதழில் மட்டும் மயில் கண் போல ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்தது. சத்து மிகுந்த கழிவுநீர் கிடைத்தால் இரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகக் கூடியது. ஒரு எச்சரிக்கை: நெருக்கமாக வளரும் இடத்தில் காம்பு ஊதாமல் ஒல்லியாக உயர்ந்துவிடும். வெங்காயத்தைத் தேடி ஏமாறாமல் பூவையோ, மெத்தையின் ஓரத்தில் தனியாக மிதக்கும் செடியையோ பாருங்கள்.

இதே குடும்பத்து நாட்டுச் செடி ஒன்றும் உண்டு, மோனோகோரியா. மிதக்காது, சேற்றில் வேரூன்றி நிற்கும். பூ சிறியது, அடர்நீலம், மஞ்சள் பொட்டு கிடையாது. ஏரியின் ஆழம் குறைந்த மூலைகளிலும் வயலிலும் இருக்கும். சுத்தம் செய்யும் குழுக்கள் இதையும் சேர்த்து அள்ளிவிடுகின்றன.

எது நாட்டுச் செடி என்று முடிவு செய்வது

பெயர் கண்டுபிடித்த பிறகுதான் இந்தக் கேள்விக்கே வர வேண்டும். மூன்று கேள்விகளைத் தனித்தனியாக எழுதுகிறேன்: பெயர் என்ன, எங்கிருந்து வந்தது, இந்த ஏரியில் என்ன செய்கிறது.

பூர்விகத்துக்குச் சில குறிப்புகள் உதவும். பெயரில் 'சீமை' இருந்தால் சந்தேகப்படலாம். சங்கப் பாடல்களில் இருந்தால் குறைந்தது இரண்டாயிரம் ஆண்டுகளாக இங்கே இருக்கிறது. எருக்கு, நொச்சி, வாகை, மருது, ஆம்பல், நெய்தல் எல்லாம் அப்படித்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடி என்றால், மனிதர் கொண்டுவந்த வகையில் பெரும்பாலும் 1498ல் போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட பிறகே வந்திருக்கும். மருந்தாகப் பயன்படுகிறது என்பது ஆதாரமே ஆகாது. வெட்டுக்காயத்துக்கு நாம் கசக்கிப் போடும் கிணற்றுப்பாசான் அமெரிக்கச் செடி. தொட்டாற்சுருங்கியும் அப்படியே. எதிர்ப்பக்கம், புளியைப் பாருங்கள். பிறந்தது ஆப்பிரிக்கா, வந்தது மிகப் பழங்காலத்தில். என் நோட்டில் 'பழைய விருந்தாளி' என்று தனியாக ஒரு பத்தி வைத்திருக்கிறேன், புளி அங்கே இருக்கிறது.

உறுதி செய்ய, லண்டன் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் உலகத் தாவரங்கள் இணையதளத்தில் அறிவியல் பெயரைப் போட்டுப் பாருங்கள். எந்த நாட்டில் இயல்பானது, எங்கே கொண்டுபோகப்பட்டது என்று வரைபடத்தில் நிறம் பிரித்துக் காட்டும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் பெயர் கண்டுபிடிக்க உதவும். ஆனால் ஒரே படத்தைக் கொடுத்துவிட்டு முதல் பதிலை எழுதிக்கொள்ளாதீர்கள். இலை, பூவின் முன்பக்கம், பக்கவாட்டு, காய், பட்டை, முழுச்செடி என்று கொடுங்கள். செயலி சொல்வதை வேறுபடும் அந்த ஓர் இடத்தில் நீங்களே சரிபாருங்கள். கை எண்ணுவதை நமக்காக அது செய்யாது.

மூன்றாவது கேள்விக்கு வந்தால், எல்லா அயல் செடியும் ஏரியை அழிப்பதில்லை, நாட்டுச் செடி என்பதாலேயே எல்லாம் அடங்கி இருப்பதும் இல்லை. ஏரியில் ஆளுயரம் வளரும், கோரை போன்ற சம்பு நம்முடையதுதான். கழிவுநீர் கலந்து, வண்டல் படிந்து, ஆழம் குறைந்த ஏரியில் அது நீரே தெரியாத அளவுக்கு மூடிவிடும். அங்கே பிரச்சினை சாக்கடையில் இருக்கிறது. நம் ஏரியில் மீனுக்கு மறைவு தரும் ஹைட்ரில்லா பாசி அமெரிக்காவின் புளோரிடாவில் பெரும் தொல்லை. நான் கண்ணீரோடு பிரித்த அதே கருவேலம், நிழலுக்கும் தீவனத்துக்கும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே புல்வெளிகளை அடைத்து நிற்கிறது. அங்கே அதைப் பிடுங்க ஆட்கள் போகிறார்கள். இதைப் படித்த பிறகு சீமைக் கருவேலத்தின் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது, வேலை மட்டும் மிச்சம்.

இலையை யார் கடித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். எருக்கிலையில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு இருக்கும், வரி வரியாக, கொம்புகளோடு. பக்கத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கின் இலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அயல் செடியை நம் பூச்சிகள் தொடாது என்பது விதி இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த சிறுபூனைக்காலியையும் நம் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்றின் புழுக்கள் தின்று வளர்கின்றன. ஆனாலும் எழுதி வையுங்கள், செடி இந்த ஏரியில் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

எந்த இடத்தில் பார்த்தீர்கள் என்பதும் முக்கியம்: கரைமேலா, சரிவிலா, மதகடியிலா, கலுங்கிலா, வரத்து வாய்க்காலிலா. கட்டட இடிபாடு கொட்டிய இடத்தையும் வரத்து வாய்க்கால் ஏரியைச் சேரும் முகத்தையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். புதிய அயல் செடி பெரும்பாலும் அங்கேதான் முதலில் தலைகாட்டும். பத்து செடியாக இருக்கும்போதே கண்டால் ஒரு காலையில் எடுத்துவிடலாம். எடுப்பதற்கு முன் இன்னொருவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். எங்கள் குழுவில் இப்போது இரண்டு பேர் கை எண்ணிச் சரி என்று சொல்லாமல் எந்தக் கன்றும் பிடுங்கப்படுவதில்லை.

நடை முடிந்து கிளம்பும் முன் கரையிலேயே நின்று காலணியின் அடியைக் குச்சியால் சுரண்டி, சேற்றைத் தட்டிவிடுங்கள். பார்த்தீனிய விதை அந்தச் சேற்றில் ஒட்டி அடுத்த ஏரிக்குப் பயணம் செய்யும். சேலை ஓரத்திலும் சுடிதார் நுனியிலும் கொக்கி போலக் குத்திக்கொண்டு வருவது நாயுருவி, அது நாட்டுச் செடி. நான் அவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்து அங்கேயே போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன்.